வீட்டுக் கணினியும் காப்புப் படியும்

நம் முன்னோர் ஓலைச் சுவடிகளைப் போற்றி வந்த முறையை எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். ஓலை என்றென்றைக்கும் நிற்கும் பொருள் அன்று. அதைச் செல் அரிக்கும். இராமபாணப் பூச்சி துளைக்கும். மழையில் நனைந்தால் ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நாளடைவில் விளிம்பு முறியும். இவற்றை நன்கு அறிந்திருந்த நம்மவர், ஏடு பழுதாகும் முன்னரே அதைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தார்கள். இதற்குப் படியெடுத்தல் என்று பெயர். சங்க நூல்கள் இத்தனை நூற்றாண்டுகளைக் கடந்து நம் கைக்கு வந்து சேர்ந்தமைக்கு ஓலையின் வலிமை காரணம் அன்று. பெயர் தெரியாத எத்தனையோ பேர் தலைமுறை தலைமுறையாகச் சலிப்பின்றிப் படியெடுத்து வந்தமையே காரணம்.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டு வெளியிட்டார். ஊர் ஊராகச் சென்று ஒரே நூலின் பல பிரதிகளை அவர் தேடியது எதற்காக? ஓர் ஏட்டில் சிதைந்த அடி மற்றோர் ஏட்டில் செம்மையாக இருக்கக்கூடும் என்பதற்காகத்தான். பல ஊர்களில் பல படிகள் இருந்த நூல் பிழைத்தது. ஒரே வீட்டில் ஒரே படியாக இருந்த நூல், அந்த வீட்டுக் கூரையோடு போயிற்று. 1981-ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் அச்சிட்ட நூல்களை வேறிடங்களிலிருந்து ஓரளவு தேடிச் சேர்க்க முடிந்தது. வேறெங்கும் படி இல்லாத ஏடுகளைத் தேடிச் சேர்ப்பது எங்ஙனம்?

இந்தப் பழைய செய்தியை இன்று நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. இன்று நம் வீடுகளில் உள்ள ஏட்டுப் பெட்டி கணினியே. பிள்ளைகளின் நிழற்படங்கள், திருமணக் காட்சிகள், வீட்டுப் பத்திரங்களின் படிகள், மதிப்பெண் சான்றிதழ்கள், வரவு செலவுக் கணக்கு, நாம் எழுதிய கட்டுரை, ஒலிப்பதிவு செய்த பாட்டு ஆகிய யாவும் அதனுள் அடங்கியுள்ளன. ஆனால் முன்னோர் ஏட்டுக்குக் காட்டிய பரிவில் பத்தில் ஒரு பங்கையேனும் நாம் இதற்குக் காட்டுகிறோமா? நான் காட்டவில்லை. அதன் பயனை அனுபவித்தவன் என்ற உரிமையினால்தான் உங்கள்முன் பேச வந்துள்ளேன்.

நான் ஆசிரியப் பணியில் இருந்த நாளிலிருந்தே எங்கள் வட்டாரத்து ஊர்ப்பெயர்களின் வரலாற்றைத் தொகுத்து வந்தேன். விடுமுறை நாள்களில் முதியோரைக் கண்டு, அவர்கள் கூறியவற்றை எழுதிக்கொண்டு, பின்னர் வீட்டில் கணினியில் தட்டச்சுச் செய்து வைப்பேன். அதே கணினியில் வேறொரு பொருளும் இருந்தது. என் தாயார் தம் கொள்ளுப்பேத்தியைத் தொட்டிலில் இட்டுப் பாடிய தாலாட்டைச் செல்பேசியில் பதிவு செய்திருந்தேன். செல்பேசியில் இடம் போதவில்லை. எனவே அப்பதிவைக் கணினிக்கு மாற்றிவிட்டுச் செல்பேசியிலிருந்து அழித்தேன். பத்திரமாக வைத்துவிட்டோம் என்ற நிறைவுடன் உறங்கச் சென்றேன். அன்று நான் செய்த பிழை யாது என்பதை இரண்டு ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன். பொருளை இடம் மாற்றுவது வேறு, படியெடுப்பது வேறு. அதுவரை ஒரு படி ஓர் இடத்தில் இருந்தது. மாற்றிய பின்னரும் ஒரு படியே, வேறோர் இடத்தில் இருந்தது.

ஒரு நாள் காலை கணினியை முடுக்கியபோது அதனுள்ளிருந்து கடிகார முள் தட்டுவது போன்ற ஓசை எழுந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. பழுது பார்க்கும் இளைஞர் வந்தார். சற்று நேரம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, “சார், பேக்கப் வைத்திருக்கிறீர்களா?” என்றார். “டி டிரைவில் எல்லாம் இருக்கிறது, தம்பி” என்று நம்பிக்கையோடு கூறினேன். அவர் என் முகத்தைப் பாராமலே, “சியும் டியும் ஒரே ஹார்ட் டிஸ்க்தான், சார்” என்றார்.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். நம் நாட்டில் மிகப் பலரிடம் உள்ள மயக்கம் இது. ஒரே நெல்லறையின் நடுவே தடுப்புச் சுவர் வைத்து இரண்டு அறைகளாக்குவது போல, ஒரே வன்தட்டைச் சி என்றும் டி என்றும் பகுத்து வைக்கிறார்கள். இயக்க மென்பொருளைப் புதிதாக நிறுவும்போது சி பகுதி மட்டும் அழிக்கப்பட்டு, டி பகுதி பிழைப்பது உண்டு. அதைக் கண்டு அது தனிக் களஞ்சியம் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் நெல்லறையே இடிந்தால் தடுப்புச் சுவரால் என்ன பயன்?

வன்தட்டு ஏன் கெடுகிறது என்பதை அறிய, அதன் அமைப்பைச் சிறிது தெரிந்துகொள்வது நலம். உலகின் முதல் வன்தட்டுக் கருவியை ஐ.பி.எம். நிறுவனம் 1956-இல் வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளை அடுக்கிய அப்பெரும் பொறியில் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளே அடங்கின. இன்று சட்டைப்பையில் வைக்கத்தக்க ஒரு டெராபைட் வன்தட்டு, அதைப்போல் இரண்டு இலட்சம் மடங்கு கொள்ளும். அளவு மாறியதே அன்றி அடிப்படை மாறவில்லை. காந்தப் பூச்சுடைய வட்டத் தட்டு சுழல்கிறது. நாம் எடுத்துச் செல்லும் வன்தட்டுகளில் பல, நிமிடத்திற்கு 5,400 முறை, அதாவது விநாடிக்கு 90 முறை சுழல்வன. அதன்மேல் படிக்கும் முனை ஒன்று தட்டைத் தொடாமல் மிதந்து செல்கிறது. இடையே உள்ள இடைவெளி ஒரு தலைமயிரின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. ஓர் அதிர்ச்சியினாலோ தேய்மானத்தினாலோ முனை தட்டைத் தொட்டுவிட்டால் கீறல் விழும். கீறல் விழுந்த இடத்தில் இருந்த எழுத்து மீளாது. புதிய மடிக்கணினிகளில் சுழலும் தட்டு இல்லை. எஸ்.எஸ்.டி. என்னும் மின்னணுச் சில்லே உள்ளது. அது விழுந்தாலும் எளிதில் உடையாது என்பது உண்மையே. ஆனால் அதுவும் ஒரு நாள் கெடும். பழையது தட்டி ஓசை எழுப்பியாவது எச்சரிக்கும். இதுவோ பெரும்பாலும் சொல்லாமலே நின்றுவிடும்.

என் வன்தட்டைப் பெருநகரத்து மீட்பு நிலையம் ஒன்றுக்கு அனுப்பினேன். தட்டின் மேற்பரப்பே கீறலுற்றது. மீட்க இயலாது என்று திருப்பி அனுப்பினார்கள். ஊர்ப்பெயர்த் தொகுப்பில் ஒரு பகுதி மட்டும் தப்பியது. அஃது என் அறிவினால் அன்று. பழைய மாணவர் ஒருவர் படித்துப் பார்ப்பதற்காக அதை ஒரு பென் டிரைவில் முன்னரே வாங்கிச் சென்றிருந்தார். அதன் பிறகு நான் எழுதியவை போயின. தாலாட்டும் போயிற்று. அம்மா அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார்.

இனி, செய்ய வேண்டுவது யாது என்பதைக் காண்போம். நான் கணினிப் புலவன் அல்லன். ஆயினும் வகுப்பில் பாடம் நடத்திய பழக்கத்தினால், படிப்படியாகக் கூற முயல்கிறேன்.

முதலில், கணினியோடு புறத்தே இணைக்கத்தக்க வன்தட்டு ஒன்று வாங்க வேண்டும். கடையில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் என்று கேட்டால் தருவார்கள். உங்கள் கணினியில் இப்போது நிறைந்துள்ள அளவைப்போல் இரு மடங்கேனும் கொள்வதாக இருத்தல் நன்று. ஒரு டெராபைட் என்று எழுதிய வன்தட்டைக் கணினியில் இணைத்தவுடன் 931 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சினங்கொள்ள வேண்டா. செய்தவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்; விண்டோஸ் கணினி 1,024 வீதம் எண்ணுகிறது. மரக்கால் வேறுபடுகிறதே அன்றி நெல் குறையவில்லை.

இரண்டாவது, எவற்றைப் படியெடுப்பது என்று முடிவு செய்ய வேண்டும். மென்பொருள்களை மீண்டும் வாங்கலாம், நிறுவலாம். திரைப்படங்களையும் மீண்டும் பெறலாம். மீண்டும் பெற முடியாதவை நாமே ஆக்கியவையும், நம் வீட்டாரைப் பற்றியவையும் ஆகும். அவற்றையெல்லாம் முதலில் ஒரே தலைப்பின்கீழ் ஒழுங்காக அடுக்கிவிடுங்கள். சிதறிக் கிடக்கும் வீட்டைக் காப்பது கடினம்.

மூன்றாவது, படியெடுக்கும் முறை. கையாலேயே ஃபோல்டரைப் பிடித்து வன்தட்டில் இடலாம். ஒன்றும் இல்லாமல் இருப்பதற்கு இது மேல். ஆனால் மனிதன் மறதியுடையவன். ஆதலின் இவ்வேலையைக் கணினியிடமே ஒப்படைப்பது நன்று. விண்டோஸ் கணினிகளில் 2012 முதல் ஃபைல் ஹிஸ்டரி என்னும் வசதி உள்ளது. அதைக் கண்ட்ரோல் பேனலில் காணலாம். ஒரு முறை வன்தட்டைக் காட்டிக் கொடுத்துவிட்டால், இணைத்திருக்கும்போதெல்லாம் மணிக்கொரு முறை மாறிய கோப்புகளை மட்டும் அது படியெடுக்கும். ஒன்று கவனிக்க வேண்டும்: டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற வழக்கமான இடங்களையே அது தானாகக் காக்கும். டி பகுதியில் நீங்கள் தனியே வைத்துள்ள ஃபோல்டரை நீங்களே அதன் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். ஆப்பிள் கணினி வைத்திருப்போர்க்கு 2007 முதல் டைம் மெஷின் என்னும் வசதி உண்டு. அது கடந்த ஒரு நாளுக்கு மணிவாரியாகவும், ஒரு மாதத்திற்கு நாள்வாரியாகவும், அதற்கு முன்னைய காலத்திற்கு வாரவாரியாகவும் படிகளை வைத்திருக்கும். புதிய வன்தட்டை அதனிடம் ஒப்படைக்கும்போது தட்டிலுள்ளவற்றை அழிக்கலாமா என்று கேட்கும். ஏற்கெனவே ஏதேனும் வைத்துள்ள தட்டாயின், எச்சரிக்கையோடு விடை கூறுங்கள்.

முதற்படி எடுக்க நேரமாகும். விநாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் சென்றால் 200 ஜிகாபைட் படியெடுக்க ஏறத்தாழ 33 நிமிடங்கள் ஆகும் என்று கணக்கு வரும். ஆனால் சிறு சிறு கோப்புகள் பல்லாயிரம் இருப்பின் வேகம் மிகவும் குறையும். பல மணி நேரமும் ஆகலாம். பொறுத்திருக்க வேண்டும். இடையில் வன்தட்டை அசைக்கவோ கம்பியைப் பிடுங்கவோ கூடாது. முடிந்ததும், எஜெக்ட் என்னும் கட்டளையைக் கொடுத்து, இனி எடுக்கலாம் என்று கணினி கூறிய பின்னரே கழற்ற வேண்டும்.

கழற்றிவிட வேண்டும் என்பதை அழுத்தமாகக் கூறுகிறேன். எந்நேரமும் இணைந்தே இருக்கும் வன்தட்டு, கணினிக்கு வரும் கேட்டில் தானும் பங்குகொள்ளும். மின்னழுத்தம் திடீரென உயர்ந்தால் இரண்டும் ஒருங்கே கெடலாம். 2017-ஆம் ஆண்டு மே மாதத்தில் வான்னாகிரை என்னும் தீய மென்பொருள் உலகெங்கும் பரவிற்று. அது கணினியிலுள்ள கோப்புகளைப் பூட்டி வைத்துவிட்டு, திறக்கப் பணம் கேட்டது. கணினியோடு இணைந்திருந்த தட்டுகளையும் அது விட்டு வைக்கவில்லை. பெட்டியில் தனியே கிடந்த வன்தட்டைத் தொட அதனால் முடியவில்லை.

இங்கே ஒருவர் கேட்கலாம்: “என் படங்களெல்லாம் இணையக் களஞ்சியத்தில் தாமாகவே ஏறிவிடுகின்றனவே! வன்தட்டு எதற்கு?” நல்ல கேள்விதான். அக்களஞ்சியங்களுள் பல, கணினியில் உள்ளதை அப்படியே காட்டும் நிலைக்கண்ணாடி போன்றவை. கணினியில் ஒரு கோப்பை நீங்கள் அழித்தால் அங்கும் அழியும். சில நாள் குப்பைக்கூடையில் கிடந்து பின் மறையும். கடவுச்சொல்லை மறந்தாலோ, கணக்கு மூடப்பட்டாலோ வாயிலே அடைபட்டுவிடும். ஆகவே அஃதும் இருக்கட்டும். அதை மட்டும் நம்ப வேண்டா.

நான்காவது கடமை, எடுத்த படியைப் படித்துப் பார்த்தல். இதைச் செய்வோர் மிகச் சிலர். 1998-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிக்ஸார் நிறுவனத்தார் டாய் ஸ்டோரி படத்தின் இரண்டாம் பாகத்தை ஆக்கிக்கொண்டிருந்தார்கள். தவறாகக் கொடுக்கப்பட்ட ஒரே ஒரு கட்டளையினால் படத்தின் பெரும்பகுதி கணினியிலிருந்து அழிந்தது. அவர்களிடம் காப்புப் படி எடுக்கும் ஏற்பாடு இருக்கத்தான் செய்தது. எடுத்துப் பார்த்தபோதுதான் அது சில காலமாகச் சரிவர இயங்கவில்லை என்று தெரிந்தது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து பணியாற்றிய காலின் சஸ்மன் என்னும் தொழில்நுட்ப அலுவலர் வீட்டுக் கணினியில் ஒரு படி இருந்தது. அக்கணினியைப் போர்வையில் சுற்றிக் குழந்தையைக் கொண்டு வருவதுபோல் காரில் கொண்டு வந்தார்கள். படம் பிழைத்தது. பெரிய நிறுவனத்திற்கே இந்நிலை என்றால், நாம் எம்மாத்திரம்? சோதிக்கப்படாத காப்புப் படி, திருத்தப்படாத விடைத்தாளைப் போன்றது. தேறியதா தவறியதா என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த நிகழ்ச்சி கற்பிக்கும் மற்றொரு பாடமும் உண்டு. பிழைத்த படி வேறிடத்தில் இருந்த படியாகும். பீட்டர் குரோக் என்னும் நிழற்படக் கலைஞர் பரப்பிய விதி ஒன்று இன்று உலகெங்கும் வழங்குகிறது: மூன்று படிகள் வேண்டும்; அவை இருவகைக் கருவிகளில் இருக்க வேண்டும்; ஒன்றேனும் வேறிடத்தில் இருக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் வெள்ளம் புகுந்தபோது, தரைத்தள வீடுகளில் மேசைமேல் இருந்த கணினியும், அதன் கீழறையில் இருந்த வன்தட்டும் ஒரே நீரில் மூழ்கின. வெள்ளமும் தீயும் திருடனும், இது மூலம், இது படி என்று பிரித்துப் பார்ப்பதில்லை. ஆதலின் இயலுமாயின் இரண்டு வன்தட்டுகள் வாங்கி, ஒன்றை மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ வைத்து, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக்கு வெளியே வைக்கும் தட்டைக் கடவுச்சொல்லால் பூட்டி வைப்பது நன்று. ஆனால் அந்தச் சொல்லைத் தாளில் எழுதி, வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் தெரிந்த இடத்தில் வைக்க வேண்டும். நமக்குப் பின் திறக்க முடியாத பெட்டியும் தொலைந்த பெட்டியும் ஒன்றே.

இவற்றை எப்போது செய்வது? 2011 முதல் மார்ச் 31-ஆம் நாளைக் காப்புப் படி நாளாக உலகில் பலர் கொண்டாடுகிறார்கள். ஆண்டுக்கொரு நாள் போதாது. என் வீட்டில் ஞாயிறு தோறும் காலையில் வன்தட்டை இணைக்கிறேன். கணினி தன் வேலையைச் செய்யும்போது நான் நாளிதழ் படிக்கிறேன். சரசுவதி பூசையன்று நூல்களைத் துடைத்து அடுக்கும்போது, வன்தட்டிலிருந்து பத்துக் கோப்புகளை எடுத்துத் திறந்து பார்க்கிறேன். வன்தட்டின்மேல் வாங்கிய ஆண்டை எழுதி ஒட்டியிருக்கிறேன். ஐந்து ஆண்டு ஆனதும், கெடும்வரை காத்திராமல் புதியதற்கு மாற்றிவிடுவதாக உறுதி கொண்டுள்ளேன். படியும் முதுமையடையும், அதற்கும் படியெடுக்க வேண்டும். ஏடெழுதிய முன்னோர் செய்ததும் இதுவே அன்றோ?

இறுதியாக ஒன்று. அந்தத் தாலாட்டு முற்றிலும் போய்விட்டது என்று பல மாதங்கள் வருந்தியிருந்தேன். ஒரு நாள் என் அக்காவிடம் அதைச் சொன்னபோது, “எனக்குப் பாதி தெரியும், தம்பி” என்றார். அம்மாவிடம் கேட்டுக் கேட்டு அவர் தம் பிள்ளைகளுக்குப் பாடியிருக்கிறார். எழுபது கடந்த அவர் தயங்கித் தயங்கிப் பாடினார். சில அடிகள் நினைவுக்கு வரவில்லை. அம்மாவின் குரல் இல்லை, எனினும் சொல் இருந்தது, மெட்டு இருந்தது. நான் எடுக்கத் தவறிய படியை அக்கா தம் நெஞ்சில் எடுத்து வைத்திருந்தார்.

அப்பதிவு இன்று என் கணினியில் உள்ளது. பீரோவில் உள்ள வன்தட்டில் உள்ளது. மகள் வீட்டு வன்தட்டிலும் உள்ளது. உங்கள் வீட்டுக் கணினியிலும் இத்தகைய பொருள் ஒன்று இருக்கும். அஃது எது என்று இன்றிரவே எண்ணிப் பாருங்கள். அதற்கு எத்தனை படிகள் உள்ளன என்று எண்ணுங்கள். ஒன்று என்று விடை வந்தால், வரும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டா. நாளையே தொடங்குங்கள்.